தெற்கு வானத்துக்கு ஓர் அனுமதி

தெற்கு வானம் யாருக்குச் சொந்தம் என்பதில் மற்ற ஊர்களில் குழப்பம் இருக்கலாம். எங்கள் பூங்காவில் இல்லை. அது தெற்கு வானக் குழுவுக்குச் சொந்தம். செவ்வாய்க்கிழமை காலைகளில், சலவை அறையை ஒட்டிய ஹாலில், துணி உலர்த்தும் இயந்திரங்களின் சத்தத்துக்கு நடுவே அதன் நிர்வாகம் நடக்கும்.

பூங்கா என்றதும் பூவைத் தேடக்கூடாது. அரிசோனாவில் யூமாவுக்கு வெளியே சரளைக்கல் பரப்பிய பொட்டல்வெளி அது. பெயர் ‘மெஸ்கீட் நிழல்’. வடக்கே பனி விழத் தொடங்கியதும் ஓய்வுபெற்றவர்கள் தங்கள் வண்டிவீடுகளை ஓட்டி வந்து வரிசையாக நிறுத்துவார்கள். வெயில் சுடத் தொடங்கியதும் திரும்பிப் போவார்கள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் வண்டிக்குள்ளேயே இருப்பதால் வெளியிலிருந்து அவர்களுக்கு வேண்டியது மின்சாரமும் டிவியும்தான். மின்சாரத்துக்குக் கம்பம் உண்டு. டிவிக்கு டிஷ் வேண்டும். செயற்கைக்கோள்கள் அத்தனையும் தெற்கே நிற்பதால் டிஷ் தெற்கே பார்த்தாக வேண்டும். தெற்கே மரம் நின்றால் மரம் எதிரி. பக்கத்து வண்டி நின்றால் பக்கத்து வண்டிக்காரர் எதிரி.

ஒரு காலத்தில் இங்கே நிஜமாகவே ஒரு மெஸ்கீட் மரம் இருந்தது. அதற்கு யாரோ உப்புத் தண்ணீர் ஊற்றிக் கொன்றபோதுதான் குழு பிறந்தது. ஊற்றியவர்தான் முதல் தலைவர் என்று பேச்சு. குழுவின் ஆண்டறிக்கையோ மரம் ‘தானாக ஓய்வு பெற்றது’ என்கிறது.

ஆர்விட் ஹௌட்டாலாவும் அவர் மனைவி மார்லிஸும் நவம்பரில் வந்து சேர்ந்தார்கள். கைபேசியில் ஆட்டம் பார்க்கிற வசதி வராத காலம். மினசோட்டாவின் வட பகுதியிலுள்ள இரும்புச் சுரங்க ஊர்க்காரர்கள். சுரங்கத்தில் வீட்டளவு உயரமான லாரி ஓட்டிய ஆர்விட்டை ஆட்குறைப்பில் அனுப்பிவிட்டார்கள். மார்லிஸின் நுரையீரல் அதற்கு முன்பே ஆட்குறைப்பு செய்யத் தொடங்கியிருந்தது. குளிர்காற்று ஒத்துக்கொள்ளாது, இன்னொரு குளிர்காலம் அங்கே இருந்தால் அதுவே கடைசியாகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டை விற்றார்கள். வண்டிவீடு வாங்கினார்கள். பள்ளியில் கடைசி வருடம் படிக்கும் ஒரே மகள் பிரிட்டாவை ஆர்விட்டின் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, அவள் கையசைத்தது பின்கண்ணாடியில் மறையும் வரை பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

பிரிட்டா பனித்தரை ஹாக்கியில் கோல் காப்பவள். அவள் ஐந்து வயதில் கோல் முன்னால் நின்றபோது, கொல்லைப்புறத்து உறைபனியில் எதிரே நின்று பந்தடித்தவள் மார்லிஸ்தான். அப்போது அவளுக்கு மூச்சு இருந்தது. ஊரில் நடந்த எல்லா ஆட்டங்களுக்கும் மார்லிஸ் இடது கம்பத்துக்கு நேர்மேலே உட்காருவாள். அந்த வருடம் அந்த இடம் காலி. ஆனால் அணி நன்றாக ஆடியது. பிப்ரவரியில் மாநிலப் போட்டிக்குப் போகும் என்று எல்லோரும் சொன்னார்கள். மாநிலப் போட்டியை மினசோட்டாச் சேனல் ஒன்று நேரடியாகக் காட்டும்.

பிரிட்டா போனில் சொன்னாள். “ஒவ்வொரு பகுதி தொடங்கறதுக்கு முன்னாலயும் எடது கம்பத்தை மட்டையால மூணு தடவ தட்டுவேம்மா. அது உனக்கு. டிவில பாத்துக்கோ.”

அதைப் பார்க்க வேண்டும். மார்லிஸ் கேட்டது அவ்வளவுதான். பேசினாலே இரைப்பதால் அவள் எதையும் இரண்டு தடவை கேட்பதில்லை. அதனால் ஆர்விட் அதை இரண்டு ஆள் கேட்ட மாதிரி எடுத்துக்கொண்டார்.

யூமாவில் ஒரு கடையில் போய் விசாரித்தார். இரண்டு வகை என்றார்கள். ஒன்று குமிழ்: வண்டிக் கூரைமேல் வெள்ளை முட்டை மாதிரி உட்கார்ந்திருக்கும், பொத்தானை அழுத்தினால் தானே வானத்தைத் துழாவிக் கோளைப் பிடித்துக்கொள்ளும். மற்றது முக்காலி: மூன்று காலில் தரையில் நிற்கிற திறந்த டிஷ், கையால்தான் திருப்ப வேண்டும், ஆனால் மரம் மறைத்தால் தூக்கித் தள்ளி வைத்துக்கொள்ளலாம். எதை வாங்கலாம் என்று கேட்டதற்கு, எந்தப் பூங்கா என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டார். பெயரைச் சொன்னதும், எடுத்த பெட்டியை மறுபடி அலமாரியில் வைத்துவிட்டு, முதலில் குழுவின் அனுமதியைக் கொண்டுவரச் சொன்னார்.

குழுக் கூட்டம் கொடி வணக்கத்தோடு தொடங்கியது. பிறகு பிரார்த்தனை. பிறகு சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு வாசிக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி, அதற்கு முந்தைய கூட்டத்தின் குறிப்பு வாசிக்கப்பட்டதைப் பற்றியது. ஆர்விட் தன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, பல் டாக்டரிடம் வந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

தலைவர் டெல்மர் ஃப்ரோபிஷர், ஐயோவாவில் வடிகால் வாரியத்தில் காலம் கழித்தவர். கையில் மரச்சுத்தி. அதை அவர் தட்டாதபோது தடவிக்கொண்டிருப்பார். முக்காலிக் கட்சி.

“ஆர்விட், முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. இங்க யாரும் உங்களுக்குத் தடையா இல்ல. வடிகால் வாரியத்துல நான் இருந்த காலம் முழுக்க ஒரு வாய்க்காலைக்கூட அவசரப்பட்டு வெட்டினதில்ல. சொல்லப்போனா வெட்டினதே ரெண்டுதான். அதுல ஒண்ணு தண்ணி ஏறுற பக்கம் போச்சு. ஆனா அதுக்கு நாங்க வச்சிருந்த கோப்பு இருக்கே, அதைப் பாக்கறதுக்குன்னே நெப்ராஸ்காவுலேந்து ஆள் வருவாங்க.”

அழகு உபகுழுவின் தலைவி லாவோன் ஸ்டிக்னி, குமிழ்க் கட்சி. இடாஹோவில் சவ அடக்க நிலையமொன்றில் இறந்தவர்களின் முகத்துக்கு ஒப்பனை செய்தவர். நல்ல பெண்மணி. ஆர்விட்டின் கன்னத்தையே சிறிது நேரம் பார்த்தார். ஏதோ நிறம் போதவில்லை என்பது போல.

“என் தொழில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒண்ணுதான்” என்றார் லாவோன். “வந்து பாக்கறவங்களுக்கு அமைதியா தெரியணும். உள்ள என்ன ஆச்சுங்கிறது குடும்பத்தோட சொந்த விஷயம். குமிழ் அமைதியா இருக்கும். முக்காலி, வாயத் தொறந்து கெடக்கற மாதிரி இருக்கு.”

தலைவர் சுத்தியைத் தட்டி, வாயைத் திறந்தால்தான் எதுவும் உள்ளே போகும் என்றார். லாவோன் அதைக் குறிப்பில் ஏற்றச் சொன்னார். தலைவர் ஏற்ற முடியாது என்றார். ஏற்ற முடியாது என்று சொன்னதையாவது ஏற்றச் சொன்னார் லாவோன். இந்தப் போர் ஆறேழு வருடமாக நடப்பது ஆர்விட்டுக்குத் தெரியாது. ஒரு இடைவெளி கிடைத்ததும் கையைத் தூக்கினார்.

“ரெண்டுல எதுங்க மினசோட்டாச் சேனலக் காட்டும்?”

உலர்த்தும் இயந்திரம் ஒன்றில் யாருடைய பொத்தானோ சுற்றிச் சுற்றி மோதிக்கொண்டிருந்தது.

“அந்தக் கேள்வி கூட்ட ஒழுங்குக்குப் புறம்பானது” என்றார் தலைவர், கனிவாக. “டிஷ் எங்க நிக்கணும், எப்படி நிக்கணும், என்ன நெறத்துல நிக்கணும், அதுதான் எங்க பொறுப்பு. அதுக்குள்ள என்ன வருதுங்கிறதுல நாங்க தலையிடறதில்ல. அது தனிமனித சுதந்திரம். அதுக்காகத்தான் எங்க அப்பா கொரியாவுல சண்டை போட்டார்.”

ஆர்விட் கொரியாவுக்கு மதிப்புக் கொடுத்து உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து விதிகளின் பிரதி அவரிடம் தரப்பட்டது. விதி நான்கு: டிஷ், எந்த அண்டை வண்டியின் சன்னலிலிருந்தும் கண்ணில் படக்கூடாது. விதி ஐந்து: டிஷ்ஷுக்குத் தெற்கு வானம் தடையில்லாமல் தெரிய வேண்டும். ஆர்விட்டின் வண்டிக்குத் தெற்கே ஒட்டி நின்றது ஃப்ரோபிஷரின் வண்டி. அதில் சன்னல்கள் ஏராளம். டிஷ் வானத்தைப் பார்த்தால் சன்னல் டிஷ்ஷைப் பார்க்குமே என்று ஆர்விட் சந்தேகம் கேட்டார். அந்த இரண்டு விதிகளையும் இரண்டு உபகுழுக்கள் எழுதின, அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்று விளக்கம் கிடைத்தது.

டிசம்பர் முழுவதும் பரிசோதனைகள் நடந்தன. குழு ஒரு மாதிரி முக்காலியைக் கொடுத்து உதவியது. லாவோன் அதை மூடுவதற்கு நாரிழையால் செய்த பொய்ப்பாறை ஒன்றைக் கொண்டுவந்தார். பாறை தத்ரூபமாக இருந்தது. பல்லி ஒன்று வந்து படுத்தது. உள்ளேயிருந்த டிஷ்ஷுக்கும் அது பாறையாகவே தெரிந்ததால், டிவியில் ஒரு புள்ளிகூட வரவில்லை. ஆர்விட் இதைத் தெரிவித்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை அவருக்கு ‘இம்மாதத்தின் சிறந்த நிலத்தோற்றம்’ விருது வழங்கப்பட்டது. பரிசு: துணி துவைக்க இலவசச் சீட்டு.

“பாறைக்கு விருது கெடச்சிருக்கு” என்று மார்லிஸிடம் சொன்னார்.

“பாறை நல்லா தடுத்துச்சு போல” என்றாள். கோல் காப்பவளின் அம்மா அவள்.

ஜனவரியில் குமிழ்க் கட்சிக்கும் முக்காலிக் கட்சிக்கும் சமரசம் ஏற்பட்டது. முக்காலிதான், ஆனால் குமிழ் இருக்க வேண்டிய இடத்தில். அதாவது கூரைமேல். அங்கே வைத்தால் எந்தச் சன்னலுக்கும் தெரியாது என்று இரு தரப்பும் கையெழுத்திட்டன. குமிழ் தானாகத் திரும்பும். முக்காலியைத் தரையில் நின்றுகொண்டே திருப்பலாம். இதுவோ தானாகவும் திரும்பாது, தரையிலிருந்தும் எட்டாது. ஒவ்வொரு தடவையும் ஏணியில் ஏற வேண்டும். ஆர்விட்டின் வலது முழங்கால் சுரங்கத்தோடு போய்விட்டிருந்தது. குழு அதையும் பரிசீலித்து, ஏணிக்கு மணல் நிறம் பூசினால் போதும் என்று சலுகை காட்டியது.

பிறகு சுட்டும் தேர்வு. விண்ணப்பதாரர் டிஷ்ஷைக் கோளை நோக்கித் திருப்பிக் காட்ட வேண்டும். குழுவின் மாதிரி முக்காலிக்குச் சந்தா கிடையாது என்பதால் டிவியில் சேனல் வராது, சமிக்ஞைக் கோடு மட்டும் ஏறி இறங்கும். உலகம் முழுக்க இந்த வேலையை ஒரே மாதிரிதான் செய்கிறார்கள்: ஒருவர் மேலே டிஷ்ஷைத் திருப்ப, இன்னொருவர் உள்ளே டிவி முன் உட்கார்ந்து “வந்துடுச்சு, போயிடுச்சு” என்று கத்துவார். பல திருமணங்கள் அதில் ஆட்டம் கண்டிருக்கின்றன. ஆனால் பூங்காவில் கத்தக்கூடாது, மார்லிஸால் கத்தவும் முடியாது. அவள் தன் கைத்தடியால் வண்டிக்குள்ளிருந்து கூரையைத் தட்டினாள். குழு உடனே கூடியது. தட்டுதல் என்பது பேச்சா, சத்தமா என்று இரண்டு செவ்வாய்க்கிழமை விவாதித்து, விதி ஒன்பதை இயற்றியது. ஒரு தட்டு என்றால் ‘வந்துவிட்டது’. இரண்டு தட்டு என்றால் ‘போய்விட்டது’. மூன்று தட்டு? அதற்கு இப்போதைக்கு அர்த்தம் எதுவும் தர வேண்டாம், எதிர்காலத் தேவைக்காக ஒதுக்கி வைக்கலாம் என்று ஃப்ரோபிஷர் முன்மொழிந்தார். வாரியத்தில் பழகிய கை.

இதற்கிடையே பொதுவிருந்துகளில் ஆர்விட் ஒன்றைக் கவனித்தார். ஐயோவாக்காரர், டகோட்டாக்காரர், இடாஹோக்காரர் என்று யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் பேச்சு லாஸ் ஏஞ்சலஸைப் பற்றியே இருந்தது. நெடுஞ்சாலையில் ஒரு தர்ப்பூசணி லாரி கவிழ்ந்துவிட்டதாம். விமான நிலையப் பக்கம் யாரும் போகாமல் இருப்பது நல்லதாம். கடலோரத்தில் மூடுபனியாம். அங்கே இவர்களுடைய பிள்ளைகள் இருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டார்.

பிப்ரவரியில், பிரிட்டாவின் அணி மாநிலப் போட்டிக்குத் தகுதி பெற்ற அதே வாரத்தில், சான்றிதழ் வந்தது. தங்க நிற முத்திரை, சிவப்பு நாடா. ‘இவ்விண்ணப்பதாரர் தெற்கு வானத்தைப் பயன்படுத்தத் தகுதியுடையவர்’ என்று சாய்ந்த எழுத்தில். பச்சை நிற ஜெல்லிக்குள் கேரட் துருவல் மிதக்கிற பதார்த்தத்தை லாவோன் கொண்டுவந்தார். படம் எடுத்தார்கள். ஆர்விட் அன்றே கடைக்குப் போய் டிஷ் வாங்கிவந்து, கூரையேறி, மெல்ல மெல்லத் திருப்பினார். உள்ளேயிருந்து ஒரு தட்டு.

வேகமாக இறங்கி வந்தார். மார்லிஸ் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஹெலிகாப்டரிலிருந்து நெடுஞ்சாலையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ். வலதுபக்கத் தடத்தில் நெரிசல்.

எல்லா எண்களையும் அழுத்திப் பார்த்தார். எல்லா வகையான ஹெலிகாப்டர்களும் வந்தன. மினசோட்டா வரவில்லை.

டிஷ் நிறுவனத்துக்குப் போன் செய்தார். நெடுநேரம் இசை கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள். மிகுந்த மரியாதை.

“உங்க வீடு எங்க இருக்கு சார்?”

“வண்டிதாம்மா வீடு.”

“சரி சார். வண்டி எங்க நிக்குது?”

“இப்ப யூமாவுல. மார்ச்சுல வேற எங்கயாவது.”

“வீடு நகரக்கூடாது சார்.”

“இதுக்குச் சக்கரம் இருக்கும்மா.”

சக்கரம் இருப்பவர்களுக்கென்று ஒரு தனிப் பிரிவு உண்டு என்றாள். என் வீட்டுக்குச் சக்கரம் உண்டு என்ற தாளில் கையெழுத்துப் போட்டு, வண்டியின் பதிவுச் சீட்டு நகலோடு அனுப்ப வேண்டும். அனுப்பினால்? லாஸ் ஏஞ்சலஸ் சேனல்களைச் சட்டப்படி பார்க்கலாம். டிஷ் வாங்கும்போதே கடைக்காரர் அந்தத் தாளையும் வாங்கி அனுப்பியிருக்கிறார். சேர்த்துக் கையெழுத்துப் போட்ட தாள்களில் அதுவும் ஒன்று.

“எனக்கு மினசோட்டா வேணும்மா.”

“மினசோட்டாச் சேனலை மினசோட்டா மேல மட்டும்தான் அடிப்போம் சார், டார்ச் லைட் மாதிரி. ஓரமா ஐயோவா வரைக்கும் கொஞ்சம் சிந்தும். நீங்க வெளிச்சத்துக்கு ரொம்ப வெளிய நிக்கிறீங்க.”

“பெரிய டிஷ் வாங்கினா? குமிழ் வாங்கினா?”

“என்ன வாங்கினாலும் வராது சார். வீட்டுச் சேனல் பாக்கணும்னா வீட்லதான் சார் இருக்கணும்.” வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். ஆர்விட் யோசித்துப் பார்த்து, இல்லை என்றார்.

அன்று செவ்வாய்க்கிழமை இல்லை. ஆனாலும் ஃப்ரோபிஷரின் வண்டிக் கதவைத் தட்டினார். லாவோனும் அங்கே இருந்தார். அடுத்த கூட்டத்தில் எதைப் பற்றிச் சண்டை போடுவது என்று இருவரும் முடிவு செய்துகொண்டிருந்தார்கள். எந்த டிஷ்ஷாலும் ஊர்ச் சேனல் வராது என்பது உங்களுக்குத் தெரியுமா என்று ஆர்விட் கேட்டார். அவர் குரல் உயரவில்லை. உயர்த்தப் பழகாத குரல்.

“தெரியுமே” என்றார் ஃப்ரோபிஷர்.

“நவம்பர்லயே தெரியுமா?”

“எல்லாருக்கும் தெரியும். யாரும் கேக்கல.”

“நான் கேட்டேனே.”

“ஒழுங்குக்குப் புறம்பா கேட்டீங்க.” ஃப்ரோபிஷர் சுத்தியைத் தேடினார், அது ஹாலில் இருந்தது. வெறும் கையைத் தடவிக்கொண்டார். “பாருங்க ஆர்விட். நானும் ஒரு காலத்துல ஐயோவா கேட்டேன். வராதுன்னு சொல்லிட்டாங்க. வராததைப் பத்திக் குழு போட முடியுமா? கால் எங்க ஊன்றதுன்னுதான் போட முடியும். இப்பப் பாருங்க, எவ்வளவு பேருக்கு வேலை இருக்கு. செவ்வாக்கெழமைன்னா ஒரு அர்த்தம் இருக்கு.”

லாவோன் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு பேசினார். “எங்க ஊர்ல வெள்ளம் வந்து என் தம்பி வீடு அடிச்சிட்டுப் போச்சு. வாரக் கடைசிலதான் எனக்குத் தெரிஞ்சுது. அன்னைக்கெல்லாம் லாஸ் ஏஞ்சலஸ்ல நல்ல வெயில். நானும் சந்தோஷமாத்தான் இருந்தேன்.” பிறகு, ஏணிக்கு மணல் நிறம் இன்னும் பூசப்படவில்லை என்பதை நினைவூட்டினார்.

ஆர்விட் திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னார். மார்லிஸ் கேட்டுக்கொண்டாள். மூக்கிலிருந்த பிராணவாயுக் குழாயைச் சரிசெய்துகொண்டாள்.

“டார்ச் வெளிச்சம் ஐயோவால விழுதுன்னா, ஐயோவா போலாம்.”

“டாக்டர் என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்கா?”

“நான் கீழ எறங்கமாட்டேன் ஆர்வி. அரிசோனாவையும் வண்டிக்குள்ளேந்துதான் பாத்தேன். ஐயோவாவும் வண்டிக்குள்ளேந்துதான்.”

“பாக்கலேன்னா என்ன மார்லிஸ்? ஜெயிச்சா போன் பண்ணுவா.”

“அவ ஜெயிக்கிறது எனக்கு வேண்டாம். தட்டறத பாக்கணும்.”

ஆர்விட் வெளியே இறங்கினார். மின்கம்பி, தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய் எல்லாவற்றையும் கழற்றிச் சுருட்டினார். வாசலில் ஃப்ரோபிஷர் வந்து நின்றார். போகாதே என்று சொல்ல வந்தாரா, நானும் வரட்டுமா என்று கேட்க வந்தாரா என்பது முகத்தில் தெரியவில்லை. கடைசியில், பூங்காவின் வாசலைத் தாண்டினால் சான்றிதழ் செல்லாது என்பதை மட்டும் தெரிவித்தார்.

வழியெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். நியூ மெக்ஸிகோவில் ஏணி ஏறினார், இரண்டு தட்டு. கான்சாஸில் காற்று அவரைக் கூரையிலிருந்து தள்ளப் பார்த்தது; இரண்டு தட்டு. நெப்ராஸ்காவில் பனி தொடங்கியது. ஏணிப்படி வழுக்கியது. மார்லிஸின் இருமல் கான்சாஸிலேயே தொடங்கியிருந்தது. அது நின்றால் ஆர்விட்டுக்குப் பயம், நிற்காவிட்டாலும் பயம். இடையில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் டிவியைப் போட்டார்கள். லாஸ் ஏஞ்சலஸில் இதமான வெயில் என்றார்கள்.

ஐயோவாவின் வடக்கு ஓரத்தில் நெடுஞ்சாலைக்குக் குறுக்கே இரும்புக் கதவை இழுத்து மூடியிருந்தார்கள். பனிப்புயல். மேலே மினசோட்டாவுக்குள் யாரும் போக முடியாது. ஆட்டம் நடக்கும் அரங்கம் அங்கிருந்து இரண்டு மணி நேரத் தூரம். பக்கத்தில் ஒரு பல்பொருள் அங்காடி. அதன் வண்டி நிறுத்துமிடத்தில் ஒதுங்கினார்கள். அங்கே மின்கம்பம் இல்லாததால் வண்டியின் ஜெனரேட்டரை ஓடவிட்டார்கள். ஆட்டம் தொடங்கும் நேரமாகியிருந்தது. ஆர்விட் ஏறினார். கையுறையைக் கழற்றினால்தான் திருகாணி திரும்பும். கழற்றினார். ஒரு விரல் அகலம் திருப்பினார். இரண்டு தட்டு. இன்னும் கொஞ்சம். இரண்டு தட்டு. ஒரு மயிரிழை.

ஒரு தட்டு.

அவர் அப்படியே மண்டியிட்டு நின்றார். கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. மார்லிஸின் குரல் அல்ல. அங்காடியின் காவலாளி. மஞ்சள் சட்டை, காதுமூடி. இந்த இடத்தில் வெளியே கருவிகள் நிறுவ அனுமதியில்லை என்றும், ஏதாவது சான்று வைத்திருந்தால் காட்டலாம் என்றும் சொன்னார்.

ஆர்விட் இறங்கி, உள்ளே போய், தங்க முத்திரைச் சான்றிதழைக் கொண்டுவந்து நீட்டினார். அந்தத் தாளால் எதுவும் நடக்கும் என்று அவர் நம்பவில்லை. கையில் அதுதான் இருந்தது. காவலாளி அதைப் பனியில் நனையாமல் மார்போடு அணைத்துப் படித்தார். முத்திரையைப் பெருவிரலால் தடவினார். அவர் முகத்தில் ஒரு பணிவு வந்தது.

“இத முன்னாடியே காட்டியிருக்கலாமே சார். தெற்கு வானத்துக்கே குடுத்திருக்காங்க.” திருப்பிக் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் நின்றார். “டிஷ்ஷுக்கு இருக்கு. ஜெனரேட்டருக்குச் சான்றிதழ் இருக்கா?”

இல்லை.

“அப்ப அத மட்டும் அமத்திடுங்க.”

அமர்த்தினார். வண்டியின் மின்கலத்தில் ஓடும் அளவுக்கு ஓடட்டும் என்று விட்டுவிட்டு மறுபடி ஏறினார். அதற்குள் டிஷ் வெள்ளையாகிவிட்டிருந்தது. பனி படிந்தால் படம் போய்விடும். குமிழாக இருந்திருந்தால் வழுக்கி விழும். தரையில் இருந்திருந்தால் நின்றபடியே தட்டிவிடலாம். இதைச் சமரசத்தின்போது யாரும் யோசிக்கவில்லை. யூமாவில் பனி, ஒழுங்குக்குப் புறம்பானது. விளக்குமாற்றால் பெருக்கினார். பெருக்கப் பெருக்க விழுந்தது. அந்தப் பரந்த வெள்ளையின் நடுவே, கூரைமேல் ஒரு கிழவன் வானத்தைப் பெருக்குவதை, சாமான் தள்ளிக்கொண்டு போன ஒரு குடும்பம் நின்று பார்த்துவிட்டுப் போனது.

அப்போது காலடியில் தட்டு. ஒன்று. இரண்டு. மூன்று.

விதி ஒன்பதில் இதற்கு அர்த்தம் தரப்படவில்லை. எதிர்காலத் தேவைக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஆர்விட் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு, முழங்காலை மறந்து இறங்கினார்.

உள்ளேயும் வெளியைப் போலவே குளிராக இருந்தது. மார்லிஸ் கம்பளிகளுக்குள் உட்கார்ந்திருந்தாள்; முகம் மட்டும் தெரிந்தது, உதடு நீலம். வெப்பக் கருவியின் விசிறியும் டிவியும் சேர்ந்து ஓடினால் மின்கலம் தாங்காது. அவள் விசிறியை நிறுத்தியிருந்தாள்.

“மூணு தடவ தட்டினா ஆர்வி. தட்டிட்டு மேல பாத்தா. நான் உக்கார்ற எடத்த.”

“மார்லிஸ், விசிறியப் போடு.”

“இன்னும் ரெண்டு பகுதி இருக்கு.”

“ஒண்ணு பாத்தாச்சுல்ல. போதும்.”

“அவ ரெண்டு தடவ தட்டப்போறா, நான் பாக்காமயா?” மூச்சு வாங்கக் காத்திருந்தாள். டிவியில் படம் புள்ளி புள்ளியாக உடையத் தொடங்கியது. அவள் கைத்தடியை எடுத்து, எதிரே நின்ற கணவனைப் பார்த்துக்கொண்டே, கூரையை இரண்டு தடவை தட்டினாள். “மேல போ.”

தன் கோட்டைக் கழற்றி அவள்மேல் போர்த்திவிட்டு ஆர்விட் ஏறினார்.

பெருக்கினார். காற்று சுழன்றடித்து, பெருக்கியதையே திருப்பிக் கொண்டுவந்தது. டிஷ்ஷின் முகத்தைச் சட்டைக் கையால் துடைத்தார். தட்டு வரவில்லை. திருகாணி நகர்ந்துவிட்டதா என்று பார்த்தார், நகரவில்லை. மறுபடி துடைத்தார். டிஷ் சுத்தமாக இருந்தது. படம் வந்திருக்க வேண்டும். வந்தால் ஒரு தட்டு வர வேண்டும். போயிருந்தால் இரண்டு. எதுவும் வராவிட்டால் என்ன அர்த்தம் என்று எந்தச் செவ்வாய்க்கிழமையிலும் யாரும் பேசவில்லை.

விளக்குமாற்றைக் கீழே வைத்தார். கூரைமேல் குப்புறப் படுத்து, பனியை விலக்கிவிட்டு, தகரத்தில் காதை வைத்தார். காது ஒட்டிக்கொண்டது. உள்ளே டிவியின் இரைச்சல் மட்டும் எங்கோ தூரத்தில் கூட்டம் ஆரவாரிப்பது போலக் கேட்டது. இருமல் கேட்கவில்லை. அவள் பெயரைச் சொன்னார், தகரம்தான் கேட்டிருக்கும்.

ஒரு தட்டு.

மெல்லியது. கைத்தடியை உயர்த்தத் தெம்பில்லாமல் தடவியது போன்றது. ஆனால் விதி ஒன்பதின்படி அது செல்லும்.

ஆர்விட் காதைப் பிய்த்துக்கொண்டு எழுந்து, விளக்குமாற்றை எடுத்துப் பெருக்கத் தொடங்கினார்.